தெற்கே வந்த இரு ஓவியர்: தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும்

முட்டத்தில் நிகழ்ந்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்

தாமஸ் டேனியல் 1749ஆம் ஆண்டு தேம்ஸ் ஆற்றங்கரையிலுள்ள கிங்ஸ்டன் ஊரில் பிறந்தார். குடும்பத்தின் பிழைப்பு அருகிலிருந்த செர்ட்ஸி என்ற ஊரில் நடத்திய ஒரு விடுதி. பையனைக் குதிரை வண்டிகளுக்கு வண்ணம் பூசும் ஒருவரிடம் தொழில் பழக விட்டார்கள். அக்கால இங்கிலாந்தில் அது மட்டமான வேலை இல்லை. பிரபுக்களின் வண்டிக் கதவில் குலச் சின்னமும் பூக்கொடியும் சிறு நிலக்காட்சியும் தீட்ட வேண்டும். மழைக்கும் சேற்றுக்கும் தாங்குமாறு மேலே வார்னிஷ் ஏற்ற வேண்டும். அரசரின் வண்டிகளுக்கே வண்ணம் தீட்டிய சார்லஸ் கேட்டன் என்பவரிடமும் தாமஸ் சில காலம் இருந்தார். 1773இல் ராயல் அகாதமிப் பள்ளியில் சேர்ந்தார். பிற்காலத்தில் அவர் படங்களில் காணும் வழவழப்பான வானத்துக்கும் பிசிறில்லாத ஓரங்களுக்கும் இந்த வண்டிப்பட்டறைப் பயிற்சி ஒரு காரணமாக இருக்கலாம்.

லண்டனில் உருவப்படம் வரைபவருக்குப் பணம் கிடைத்தது, நிலத்தை வரைபவருக்குக் கிடைக்கவில்லை. தாமஸ் முப்பது வயதைத் தாண்டியும் பெயரெடுக்கவில்லை. இதற்கிடையில் 1779இல் தம்பி இறந்துபோக, தம்பி மகன் வில்லியம் பெரியப்பாவின் பொறுப்பில் வந்தான். வில்லியம் பிறந்தது 1769. பெரியப்பாவுக்கும் மகனுக்கும் இருபது வயது இடைவெளி. இந்த இருவரின் உழைப்பைப் பிரித்துக் காட்டுவது இன்றும் கடினம். பல படங்களில் இருவர் கையும் இருக்கிறது.

இந்தியாவுக்குப் போகக் கிழக்கிந்தியக் கம்பெனியின் அனுமதி வேண்டும். செதுக்கோவியர் என்ற பெயரில் தாமஸ் அதைப் பெற்றார், வில்லியம் உதவியாளர். 1785 ஏப்ரலில் 'அட்லஸ்' என்ற கப்பலில் புறப்பட்டு, சீனத்தைச் சுற்றி 1786இல் கல்கத்தா சேர்ந்தார்கள். வில்லியமுக்கு அப்போது பதினேழு வயதுகூட நிறைந்திருக்காது.

கல்கத்தாவில் முதல் வேலை அந்நகரின் பன்னிரண்டு காட்சிகளை அச்சிட்டு விற்பது. அது 1788இல் முடிந்தது. அச்சுக்கூடம் என்று சொல்லத்தக்க எதுவும் அங்கே இல்லாததால் தாமே ஓவியர், தாமே செதுக்குபவர், தாமே செப்புக் கொல்லர், தாமே அச்சடிப்பவர் என்று ஆகிவிட்டதாகத் தாமஸ் ஊருக்கு எழுதிய கடிதத்தில் சலித்துக்கொண்டார். படங்கள் விற்றன. அந்தப் பணத்தில் இருவரும் கங்கையில் படகேறி வடமேற்கே போனார்கள். ஆக்ரா, டெல்லி என்று சுற்றி, 1789இல் கார்வால் மலைநாட்டிலுள்ள ஸ்ரீநகர் வரை ஏறினார்கள். ஐரோப்பியர் எவரும் அதுவரை அங்கே கால் வைத்ததில்லை என்று சொல்லப்படுகிறது. திரும்பும் வழியில் லக்னோவில் நெடுநாள் தங்கினார்கள். 1791 முடியும் தறுவாயில்தான் கல்கத்தா வந்து சேர்ந்தார்கள். வரைந்த எண்ணெய் ஓவியங்களைக் குலுக்கல் சீட்டு நடத்தி விற்றுத் தெற்குப் பயணத்துக்குக் காசு திரட்டினார்கள். ஒவ்வொரு பயணத்தின் செலவையும் முந்தைய பயணத்தின் படங்களே கொடுத்தன. அரசரோ கம்பெனியோ சம்பளம் கொடுத்து அனுப்பிய ஓவியர்கள் அல்லர் இவர்கள். எதை வரைந்தால் விற்கும் என்ற கணக்கு ஒவ்வொரு தாளின் பின்னாலும் இருந்தது. இதைக் குறையாகச் சொல்ல வேண்டியதில்லை, மறந்துவிடவும் கூடாது.

1792 மார்ச் கடைசியில் சென்னை வந்து இறங்கினார்கள். அந்த மாதம்தான் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கம்பெனியின் தலைமை ஆளுநர் காரன்வாலிசும் மைசூரின் திப்பு சுல்தானும் போரை முடித்து உடன்படிக்கை செய்திருந்தார்கள். பாராமகாலும் சேலமும் திண்டுக்கல்லும் கம்பெனி வசம் வந்துவிட்டன. செய்தித்தாளில் பெயர் மட்டும் படித்திருந்த மலைக்கோட்டைகளைப் படத்தில் பார்க்க லண்டனில் ஆட்கள் காத்திருந்தார்கள். ஏப்ரலில் இரண்டு பல்லக்கும் குதிரைகளும் பொதிமாடுகளும் பெரியதோர் ஆள்கூட்டமுமாகப் பெரியப்பாவும் மகனும் புறப்பட்டார்கள். முதலில் கம்பெனிப் படை போன வழியே பெங்களூர்ப் பக்கம். ராயக்கோட்டை, ஜெகதேவி, வீரபத்திரதுர்க்கம், ஓசூர் எல்லாம் அந்த வழியில் கிடைத்த படங்கள். அங்கிருந்து சங்ககிரி, திருச்செங்கோடு, திருச்சி, திண்டுக்கல்லை அடுத்த ஆத்தூர், மதுரை என்று கீழே இறங்கினார்கள். சித்திரை வெயிலில் தொடங்கிய அந்தப் பயணம் அவ்வாண்டு நவம்பரில் சென்னையில் முடிந்தது.

வேலை நடந்த விதம் சுவையானது. அவர்களிடம் கேமரா அப்ஸ்க்யூரா என்ற இருட்டுப் பெட்டி இருந்தது. ஒரு பக்கம் கண்ணாடி வில்லை, உள்ளே சாய்வான ஆடி. வெளியே உள்ள கோபுரமோ பாறையோ பெட்டியின் மேல்தட்டில் ஒளியாக விழும். அதன் மேல் தாளை வைத்துக் கோடு இழுத்தால் அளவு பிசகாது. பெட்டியில் கோடு எடுப்பதும் நிழல் ஏற்றுவதும் பெரும்பாலும் வில்லியம் கை. எங்கே பெட்டியை வைப்பது என்று முடிவெடுப்பது தாமஸ். வில்லியம் நாட்குறிப்பும் எழுதிவந்தார். அதில் பெரியப்பாவை, 'அங்கிள்' என்பதைச் சுருக்கி, 'அன்' என்றே குறிப்பார்: இன்று அன் இதை வரைந்தார், இன்று அன் அதை முடித்தார் என்று போகும். கலைக் கோட்பாடு ஒன்றும் இருக்காது. கூடாரம் போட்ட இடம், வானிலை, உணவு, வரைந்த தாள் ஆகியவைதான்.

முன்னோடி ஒருவரும் இருந்தார். கேப்டன் குக்கின் இரண்டாம் கடற்பயணத்தில் ஓவியராகப் போன வில்லியம் ஹாட்ஜஸ் 1780 முதல் 1783 வரை இந்தியாவில் இருந்தவர். அவர் அச்சிட்ட காட்சிகளை டேனியல்கள் கையிலேயே வைத்துக்கொண்டு போய், அந்தந்த இடத்தில் நின்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள்; தவறு கண்ட இடத்தில் குறித்துவைத்தார்கள். ஹாட்ஜஸ் மனநிலையை வரைந்தார், இவர்கள் அளவை வரைந்தார்கள். வெறும் ஓவியமாகப் பார்த்தால் ஹாட்ஜஸின் கை உயர்ந்தது என்று கருதுபவர்கள் உண்டு; அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் மதுரையில் இடிந்து கிடந்த திருமலை நாயக்கர் அரண்மனை எப்படி இருந்தது என்று அறிய டேனியல்கள் அச்சிட்ட தாளைத்தான் எடுக்க வேண்டும். சென்னை ஆளுநர் நேப்பியர் பிரபு அதைப் பழுதுபார்த்தது 1860களின் கடைசியில் தொடங்கிய வேலை. அதற்கு எழுபது ஆண்டுகளுக்கும் மேல் முந்தைய நிலை அந்தப் படங்களில் இருக்கிறது. புது மண்டபத்தின் உட்புறமும் அப்படியே. தையல்காரர்களும் பாத்திரக் கடைக்காரர்களும் நெருக்கியடித்து இருந்ததை அண்மைக்காலம் வரை கண்ட மதுரைக்காரர்களுக்கு, நாயக்கர் சிலைகள் நிற்கும் அந்தத் தூண்வரிசை காலியாக நீண்டு கிடப்பது வேறு ஊர் போலத் தெரியும். தஞ்சைப் பெரிய கோயிலும் அதன் நந்தியும் 1798இல் அச்சான படங்கள்.

கட்டடத்தை விட்டு மலைக்கு வந்தபோதுதான் இவர்களுடைய கை விடுபட்டது. கோயிலை வரையும்போது கட்டுமானமே படத்தை நடத்திச் செல்லும்; ஓவியர் பின்தொடர்ந்தால் போதும். மலைக்கும் அருவிக்கும் அப்படி ஒரு பிடி கிடையாது. எங்கே தொடங்குவது, எங்கே முடிப்பது, எதை இருளில் விடுவது என்பதை ஓவியரே முடிவு செய்ய வேண்டும். 1792 ஜூலையில் திருநெல்வேலிச் சீமையின் மேற்கு விளிம்பில், பாபநாசம், குற்றாலம், களக்காடு என்று மலையடிவாரத்தையே ஒட்டித் திரிந்தார்கள். தென்மேற்குப் பருவக்காற்று உச்சத்தில் இருக்கும் மாதம் அது. மலைக்கு மேற்கே மழை கொட்ட, கிழக்கே சாரல் மட்டும் விழும், அருவிகள் நிறைந்திருக்கும். பாபநாசம் அருவியை அவர்கள் வரைந்த தாளில் நீர் பாறை முகத்தை முழுவதும் மூடி இறங்குகிறது. தாமிரபரணியின் தண்ணீரைக் கொண்டு 1944இல் பாபநாசத்தில் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய பின் ஆற்றின் ஓட்டம் அணையின் திறப்புக்குக் கட்டுப்பட்டதாகிவிட்டது. அணைக்கு முந்தைய ஆற்றின் வேகத்தை அறிய இந்தப் படமும் ஒரு சான்று.

களக்காட்டுக்குப் பக்கத்திலிருந்து எடுத்த படத்துக்கு அவர்கள் இட்ட தலைப்பு, களக்காட்டின் அருகிலிருந்து காணும் கன்னியாகுமரி என்பது. படத்தில் கடல் இல்லை. முக்கடலும் இல்லை, கோயிலும் இல்லை, மணலும் இல்லை. இருப்பது மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே போய் முடியும் பகுதி. களக்காட்டுக்கும் குமரிமுனைக்கும் இடையே நாற்பது கிலோமீட்டருக்குக் குறையாத தூரம் உண்டு. தரையிலிருந்து பார்ப்பவருக்கு இது புதிர். குமரிக்குச் சுற்றுலா போனவர் இந்தத் தலைப்பைப் பார்த்தால் தவறு என்றே சொல்வார்.

கடலிலிருந்து பார்ப்பவருக்குப் புதிர் இல்லை. முட்டத்துக் கடலில் வள்ளத்தில் போய்த் திரும்புகிறவர்கள் கரையைக் காணும் முன்பே மலையைக் காண்பார்கள். தாழ்ந்து கிடக்கும் கரை நீர்க்கோட்டுக்குக் கீழே மறைந்திருக்கும்போதே வேளிமலையும் தாடகைமலையும் அவற்றின் பின்னே உயர்ந்த முகடுகளும் நீலமாக மேலே நிற்கும். ஒரு முகட்டை இன்னொன்றோடும் ஒரு கோபுரத்தோடும் சேர்த்துப் பார்த்துத்தான் மீன்பாறை கிடக்கும் இடத்தைக் கணிப்பது தலைமுறைகளாக நடந்துவந்த வழக்கம். முட்டத்தில் கலங்கரை விளக்கம் எழுந்தது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். அதற்கு முன் இவ்வழியே போன கப்பல்களுக்கும் பகலில் அடையாளம் மலைதான். கம்பெனிக் கப்பலில் வந்தவர்களுக்குக் குமரிமுனை என்பது முதலில் ஒரு மலை, அப்புறம்தான் ஒரு கரை. அந்தப் பார்வையை நிலத்தில் நின்று வரைந்ததுதான் களக்காட்டுப் படம் என்று கொண்டால் தலைப்பு பொருந்திவிடுகிறது.

ஆரல்வாய்மொழிக் கணவாய் களக்காட்டுக்குத் தெற்கே இருக்கிறது. அதைத் தாண்டினால் நாஞ்சில் நாட்டு வயலும் குளமும். அப்போது இது தர்மராஜா என்று அழைக்கப்பட்ட கார்த்திகைத் திருநாள் ராமவர்மா ஆண்ட திருவிதாங்கூர். டேனியல்கள் பின்னர் ஊர் திரும்பி அச்சிட்ட பெருந்தொகுப்பில் நாஞ்சில் நாட்டுக் காட்சி ஒன்றுகூட இல்லை. சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலும் பத்மநாபபுரம் அரண்மனையும் அந்த இருட்டுப் பெட்டியில் விழுந்திருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியாது. அவர்கள் மலைக்குக் கிழக்கே இருந்தபடியே வடகிழக்காகத் திரும்பி ராமேஸ்வரம் பக்கம் போய்விட்டார்கள். ஆனால் 1793 தொடக்கத்தில் சென்னையில் இன்னொரு குலுக்கல் சீட்டு நடத்திப் படங்களை விற்ற பிறகு பம்பாய்க்குப் போனது கப்பலில்தான். அந்தக் கப்பல் குமரியைச் சுற்றி இந்த முட்டத்துக் கரையோரமாகத்தான் மேற்கே திரும்பியிருக்க வேண்டும்.

டேனியல்கள் வரைய வந்த நிலம் தமிழர்க்குப் புதிய பொருள் இல்லை. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்று நிலத்தை வகுத்துக்கொண்டே சங்கப் பாட்டு நடந்தது. ஆனால் ஓவியத்தில் நிலம் தனியே நின்றதில்லை. சித்தன்னவாசல் குகையின் விதானத்தில் ஒரு தாமரைக் குளம் உண்டு. மீனும் பறவையும் யானையும் எருமையும் இருக்க, பூப்பறிப்பவர்கள் உள்ளே இறங்கி நிற்கிறார்கள். நிலக்காட்சிக்கு மிக நெருங்கி வரும் பழைய தமிழ்நாட்டு ஓவியம் அதுதான். அதுவும் சமண சமயக் கதை ஒன்றின் குளமாகக் கருதப்படுகிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் ஓவியத்திலும் நாயக்கர் காலச் சுவரோவியங்களிலும் மலையும் மரமும் கதைமாந்தர் நிற்கும் இடத்தைச் சொல்வதற்கு மட்டுமே. ஒரு மலையை அது மலை என்பதற்காகவே வரைந்து சட்டமிட்டு மாட்டுவது ஐரோப்பியர் கொண்டுவந்த பழக்கம்.

அந்தப் பழக்கத்தின் குறைகளும் படங்களோடு வந்தன. முன்புறத்தில் இருண்ட மரம் ஒன்று, நடுவில் வெளிச்சம், தூரத்தில் நீலம் என்ற ஒழுங்கில் இங்கிலாந்தின் ரசனை பழகியிருந்தது. டேனியல்களின் தாள்களில் பனையும் ஆலும் அந்த இருண்ட மரத்தின் வேலையைச் செய்கின்றன. ஆட்கள் சிறுத்துப்போய், கட்டடத்தின் உயரம் காட்டும் அளவுகோலாக நிற்கிறார்கள். பாராமகாலில் போர் ஓய்ந்து சில வாரங்களே ஆகியிருந்தன. படங்களிலோ கோட்டைகள் நூறாண்டு அமைதியில் இருந்தவை போல் வெயில் காய்கின்றன. வாங்குகிறவர் வீட்டுச் சுவரில் என்ன மாட்ட விரும்புவார் என்பது தாமஸுக்குத் தெரிந்திருந்தது.

டேனியல்களைப் போலவே, போய்வந்த நிலத்தின் குறிப்புகளைக் கொண்டு ஊரில் உட்கார்ந்து வாழ்நாளெல்லாம் வரைந்த இன்னொருவர் பிரேசிலின் காட்சிகளால் பெயர்பெற்ற பிரான்ஸ் போஸ்ட். ஹாலந்தின் ஹார்லெம் நகரத்தவர். டச்சுக்காரர்கள் பிரேசிலின் வடகிழக்கைப் பிடித்து வைத்திருந்தபோது ஆளுநர் யோஹான் மௌரிட்ஸோடு 1637இல் போய் 1644இல் திரும்பினார். அமெரிக்கக் கண்டங்களின் நிலத்தை நேரில் பார்த்து வரைந்த முதல் ஐரோப்பிய நிலக்காட்சி ஓவியர் அவர். பிரேசிலில் வரைந்ததைவிடத் திரும்பிய பின் வரைந்தது பலமடங்கு. ஆண்டுகள் போகப் போகக் கரும்பாலையும் ஆமையும் பனையும் ஓவியரின் கைச்சரக்காகிவிட்டன. நிலம் பின்னுக்குப் போனது. டேனியல்கள் இந்தச் சரிவிலிருந்து பெரும்பாலும் தப்பினார்கள். இருட்டுப் பெட்டியில் எடுத்த கோடுகள் கட்டுக்கட்டாகக் கையில் இருந்ததே காரணம்.

பம்பாயில் ஜேம்ஸ் வேல்ஸ் என்ற ஓவியரோடு சேர்ந்து எலிபெண்டா முதலிய குகைகளைப் பார்த்துவிட்டு, மறுபடி சீனத்தைச் சுற்றி, 1794 செப்டம்பரில் இங்கிலாந்து சேர்ந்தார்கள். ஊரை விட்டு ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. இனிதான் உண்மையான வேலை. 1795 முதல் 1808 வரை 144 படங்கள் ஆறு பகுதிகளாக, பகுதிக்கு 24 என்று வெளிவந்தன. 'ஓரியண்டல் சீனரி' என்பது தொகுப்பின் பெயர். முழுத் தொகுப்பின் விலை 210 பவுன்.

அச்சு முறைக்கு அக்வாடின்ட் என்று பெயர். செப்புத் தகட்டின் மேல் பிசின் பொடியைச் சீராகத் தூவி, அடியில் சூடுகாட்டினால் பொடி உருகித் தகட்டோடு ஒட்டிக்கொள்ளும். அமிலத்தில் முக்கினால் பொடிமணிகளுக்கு இடையே உள்ள நுண்ணிய இடைவெளிகளை மட்டும் அமிலம் அரிக்கும். மை பூசித் துடைத்துத் தாளை வைத்து அழுத்தினால் கோடாக இல்லாமல் நீர்வண்ணம் படர்ந்தது போன்ற நிழல் விழும். வெளிச்சமாக இருக்க வேண்டிய இடத்தை வார்னிஷால் மூடிவிட்டு மீண்டும் முக்க வேண்டும். இன்னும் கருமை வேண்டிய இடத்துக்கு இன்னொரு முறை. வானத்துக்கு ஒரு நேரம், தொலைமலைக்கு ஒரு நேரம், அருகிலுள்ள பாறைக்கு ஒரு நேரம். சற்றுத் தவறினாலும் தகடு பாழ். அச்சான பிறகு ஒவ்வொரு தாளுக்கும் கையால் வண்ணம் ஏற்றினார்கள். பாபநாசத்தின் சாரலை மையில் கொண்டுவந்தது இந்தத் தொழில்தான். வில்லியம் காலை ஆறு மணிக்கு உட்கார்ந்தால் நள்ளிரவு வரை தகட்டைவிட்டு எழுந்திருக்க மாட்டார் என்றும், ஆண்டுக்கணக்கில் அப்படி உழைத்தார் என்றும் அக்கால நாட்குறிப்பு ஒன்று சொல்கிறது. கல்கத்தாவில் தட்டுத் தடுமாறிக் கற்ற கை, நாற்பது வயதுக்குள் இங்கிலாந்தின் முதல்தர அக்வாடின்ட் கையாகிவிட்டது. தொகுப்பின் புகழ் பெரியப்பாவுக்கே கூடுதலாகப் போனது. தாள்களைப் பார்த்தால் நியாயம் வில்லியம் பக்கம்.

களக்காட்டுப் படம் வந்தது நிலக்காட்சிகளுக்கென்றே ஒதுக்கிய பகுதியில், 1807இல். பாபநாசமும் திண்டுக்கல் ஆத்தூரும் பாராமகால் மலைகளும் கார்வாலின் கயிற்றுப் பாலமும் அதே பகுதியில் உள்ளன. தொகுப்பின் மிகச் சிறந்த பகுதி இது. எல்லோராவுக்கு ஒதுக்கிய பகுதி ஜேம்ஸ் வேல்ஸின் வரைபடங்களைக் கொண்டு செய்தது. உழைப்பு தெரிகிறதே தவிர உயிர் குறைவு.

இந்தப் படங்கள் போன இடங்கள் பல. பிரான்சின் ஸூபர் நிறுவனம் 1807இல் 'இந்துஸ்தான்' என்ற பெயரில் அறைச் சுவர் முழுவதையும் சுற்றி ஒட்டும் காட்சித்தாளை வெளியிட்டது. அதன் மூலம் டேனியல்களின் தாள்கள். ஸ்டாஃபோர்ட்ஷயர்ப் பீங்கான் பட்டறைகள் நீலமும் வெள்ளையுமான தட்டுகளில் இந்தியக் கோயில்களை அச்சிட்டன. க்ளாஸ்டர்ஷயரில் சார்லஸ் காக்கரெல் கட்டிய செசின்கோட் மாளிகையின் தோட்டத்துக்குத் தாமஸ் தாமே சூரியனுக்கு ஒரு சிறு கோயிலும் நந்திகள் அமர்ந்த பாலமும் வடிவமைத்தார்.

தாமஸ் 1799இல் ராயல் அகாதமியின் முழு உறுப்பினரானார். வில்லியமுக்கு அது 1822இல்தான் கிடைத்தது. வில்லியம் பிற்காலத்தில் பிரிட்டன் தீவின் கரையைச் சுற்றிவந்து 1814 முதல் 1825 வரை 308 படங்கள் வெளியிட்டார். இந்தியாவில் பழகிய கண் சொந்த ஊரின் பாறைக் கரைகளில் முழுமை பெற்றது. ஸ்காட்லாந்துக் கடற்பாறைகளைக் காட்டும் தாள்கள் அவருடைய உச்சம். வில்லியமின் தம்பி சாமுவேல் டேனியலும் ஓவியர். தென்னாப்பிரிக்காவுக்கும் பிறகு இலங்கைக்கும் போய், இலங்கையின் நிலத்தையும் விலங்குகளையும் மக்களையும் பற்றிய படத்தொகுப்பை 1808இல் வெளியிட்டவர். 1811இல் இலங்கையிலேயே இறந்துபோனார்.

வில்லியம் 1837 ஆகஸ்டில் இறந்தார். மணம் செய்துகொள்ளாத தாமஸ் வளர்த்த பிள்ளையின் மரணத்தையும் பார்த்துவிட்டு, தொண்ணூறு வயதைக் கடந்து 1840 மார்ச்சில் காலமானார்.

அதற்குப் பின் ஒளிப்படம் வந்ததும் அக்வாடின்ட் தொழிலும் டேனியல்களின் பெயரும் மங்கின. 20ஆம் நூற்றாண்டில் வில்லியமின் நாட்குறிப்புப் பகுதிகள் அச்சேறியதும், 1980இல் மில்ட்ரெட் ஆர்ச்சர் இவர்களுடைய இந்தியப் பயணங்களைப் பற்றி முழு நூல் எழுதியதும் மீண்டும் கவனம் திரும்பியது. 1990களில் இத்தாலிய ஒளிப்படக்காரர் அந்தோனியோ மார்ட்டினெல்லி, இருவரும் நின்ற இடங்களைத் தேடிப் போய் அதே கோணத்தில் படமெடுத்தார். கட்டடங்களில் பெரும்பாலானவை அப்படியே பொருந்தின. டேனியல்களின் எண்ணெய் ஓவியங்கள் அதிகம் சேர்ந்திருப்பது கல்கத்தா விக்டோரியா நினைவகத்தில். தெற்குப் பயணத்தில் வரைந்த மூலத் தாள்களில் பல லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன.